வீட்டுக்கு மேலே தேயிலைச் சரிவில் விரிசல்: ரெசிஸ்டிவிட்டி சர்வே எடுக்கலாமா?

கேள்வி: குன்னூர் பாபு

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் ஊருக்கு மேல் பக்கம், தேயிலைத் தோட்டத்துக்கு அடியில் ஒரு சந்தில் இருக்கிறோம். மொத்தம் 14 வீடு. எங்கள் வீடு 1986இல் அப்பா கட்டியது. பின்வாசலைத் திறந்தால் பத்தடி தள்ளிக் கருங்கல் தடுப்புச் சுவர், என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயரம். சுவருக்கு மேலே ஒரு அறுபது மீட்டர் ஏற்றம் முழுக்கத் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக். அப்புறம் ஒரு ரோடு. ரோட்டுக்கு மேலேயும் வீடுகள் வந்துவிட்டன.

2009 நவம்பர் இங்கே யாருக்கும் மறக்காது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் சந்தில் உயிர்ச்சேதம் இல்லை, மூன்று வீட்டின் பின்சுவர் போனது. அன்று ராத்திரி அம்மாவும் நானும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கல் உருளும் சத்தம் விடியும் வரை நிற்கவே இல்லை.

இப்போது விஷயம் இதுதான். போன நவம்பர் மழை விட்டபிறகு, சுவரிலிருந்து நாற்பது மீட்டர் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு விரிசலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் பார்த்துச் சொன்னார். போய்ப் பார்த்தேன். பிறை மாதிரி வளைந்து முப்பது மீட்டர் நீளம் போகிறது. அன்றைக்கு ஒரு விரல் நுழைந்தது. நேற்று நான்கு விரலை உள்ளே விட முடிந்தது. கூடவே, ஜூன் மாதத்திலிருந்து கடைசி வீட்டுப் படிக்கட்டு ஓரத்தில் புதிதாக ஒரு ஊற்று. மழை இல்லாத நாளிலும் கசிகிறது.

சந்துக்காரர்கள் கூடிப் பேசினோம். ஒரு சர்வே குழு வந்து பார்த்துவிட்டு, ரெசிஸ்டிவிட்டி சர்வே, அதாவது பூமிக்குள் கரண்ட் விட்டுப் படம் எடுத்துத் தருகிறோம், 2,10,000 ரூபாய் என்றது. வீட்டுக்கு 15,000. இரண்டு பேர் உடனே சரி என்றார்கள். மற்றவர்களுக்கு நம்பிக்கை இல்லை. 'இது போர்வெல்லுக்குத் தண்ணீர் பார்க்கிற மிஷின்தானே, எங்கள் மாமா ஊரில் அந்த மிஷின் காட்டிய இடத்தில் 400 அடி போட்டும் புழுதிதான் வந்தது' என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் படம் என்ன காட்டும்? 'இந்த இடம் பத்திரம்' என்று அதை வைத்து யாராவது சொல்ல முடியுமா? அக்டோபருக்குள் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: காரமடை மாணிக்கம்

நான் போர்வெல் பாயின்ட் பார்க்கிறவன். பாபு தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. அடிப்படை ஒன்றுதான். நாங்கள் நான்கு கம்பி அடிப்போம். வெளியே இருக்கும் இரண்டில் கரண்ட் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டில் வோல்ட் பார்ப்போம். வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் கரண்ட் ஆழமாகப் போகும். அதில் கிடைப்பது ஒரே இடத்துக்கு நேர் கீழே இருக்கும் விவரம் மட்டும். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல.

சரிவுக்கு எடுப்பது வேறு மாதிரி. நாற்பது ஐம்பது கம்பியை ஒரே கோட்டில் அடித்து, கேபிள் போட்டு, மிஷினே மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் அளவு எடுக்கும். கத்தியால் பலாப்பழத்தை இரண்டாகப் பிளந்து பார்த்த மாதிரி உள்பக்கம் தெரியும். அந்த வேலைக்கு என்னைப் போன்றவனைக் கூப்பிடாதீர்கள், செலவு குறைகிறது என்பதற்காக. எனக்குப் பாறையில் தண்ணீர் இருக்கும் வெடிப்பைப் பார்க்கத் தெரியும். மண் நகருமா என்று பார்க்கத் தெரியாது.

பதில்: செல்வி, கள ஆய்வு

பாபு, முதலில் ஒன்று. விரிசல் அகலமாகிறது, கீழே புது ஊற்று வந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து இருக்கும்போது எந்த சர்வேயின் ரிசல்ட்டுக்காகவும் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே 1077க்கு, அதாவது மாவட்டப் பேரிடர் எண்ணுக்கு, கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் 14 வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு, விரிசலின் போட்டோவோடு மனு கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் கேட்டால் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தினர் வந்து இடத்தைப் பார்ப்பார்கள். அதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருபது வருடமாக இந்தக் கம்பியையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறேன். இந்த முறைமேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதனாலேயே, அது பேசாத விஷயத்தை அதன் வாயில் திணிப்பதைப் பார்த்தால் தாங்க முடிவதில்லை.

நீலகிரியில் அடியில் இருப்பது சார்னகைட் பாறை. அது ஒரே மாதிரி மக்குவதில்லை. மேலே நீங்கள் பார்க்கும் சிவப்பு மண். அதற்குக் கீழே, பாறை மக்கிப் போன வெளுத்த களிமண் அடுக்கு. லித்தோமார்ஜ் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். துளையிட்டு எடுத்த மாதிரியைப் பெட்டியில் வரிசையாக வைத்திருக்கும்போது அதில் கொஞ்சம் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மாவு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் குளியல் சோப்பு. விரல் வழுக்கிக்கொண்டு போகும். உங்கள் தேயிலைத் தோட்டம் அந்த சோப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த மக்கிய பகுதி நம் மலையில் சில இடங்களில் முப்பது நாற்பது மீட்டர் ஆழம் வரைகூடப் போகிறது. நடுவே மக்காமல் மிச்சமான உருண்டைப் பாறைகள், ஆட்டுக்குட்டி அளவிலிருந்து லாரி அளவு வரை, களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும்.

ரெசிஸ்டிவிட்டி இதை எப்படிப் பார்க்கிறது? ஈரக் களிமண்ணில் கரண்ட் சுலபமாக ஓடும். கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம் மீட்டரில் அளப்போம், ஈரக் களிமண் பத்திலிருந்து நூறுக்குள் வரும். மக்காத சார்னகைட்டில் ஓடாது, ஆயிரக்கணக்கில் காட்டும். படத்தில் களிமண் நீலம், பாறை சிவப்பு. நீலம் எங்கே, எவ்வளவு தடிமன், சரிவோடு சேர்ந்து கீழே இறங்குகிறதா, உங்கள் ஊற்று இருக்கும் இடத்தில் வந்து முடிகிறதா என்று பார்க்கலாம். அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுக்காகவே உங்கள் இடத்தில் சர்வே எடுக்கலாம் என்பேன்.

ஆனால் அறுபது மீட்டர் தேயிலை என்கிறீர்கள். கோட்டின் நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆழம் கிடைக்கும். தேயிலைக்குள் மட்டும் கம்பி அடித்தால் 12 மீட்டர். வழுக்கும் தளம் 15 மீட்டரில் இருந்தால் படம் அழகாக வரும், பிரச்சினை படத்துக்கு வெளியே இருக்கும். 48 கம்பியை 5 மீட்டர் இடைவெளியில் அடித்தால் 235 மீட்டர் கோடு, நாற்பது மீட்டருக்கு மேல் ஆழம். அதற்கு ரோட்டைத் தாண்டி மேல் வீடுகளின் நடைபாதை வழியாகவும், கீழே உங்கள் சந்தைத் தாண்டியும் கேபிள் போக வேண்டும். ஊருக்குள் இதுதான் பெரிய பாடு. சிமென்ட் தரையில் கம்பி இறங்காது, துளை போட வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், இரும்புத் தண்ணீர்க் குழாய், எர்த் கம்பி எல்லாம் கரண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கோட்டுக்குப் பக்கத்தில் குழாய் ஓடினால் படத்தில் ஒரு பொய்யான நீலம் விழும். உங்கள் சந்தில் குழாய் எங்கெங்கே புதைந்திருக்கிறது என்று குழுவினர் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் யோசியுங்கள்.

இன்னொன்று, நானே பட்ட பாடு. வேறொரு மலை ஊரில் பள்ளிக்கட்டடம் ஒன்றுக்காக சர்வே எடுத்தோம். எட்டு மீட்டரில் நல்ல சிவப்பு, தொடர்ச்சியாக. பாறை என்று எழுதினேன். துளை போட்டபோது எட்டரை மீட்டரில் பாறை தட்டியது, எல்லோருக்கும் சந்தோஷம். ட்ரில்லர் அண்ணன் மட்டும் கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் போகிறேன் என்றார். ஒன்றரை மீட்டர் பாறை முடிந்து அதற்குக் கீழே ஏழு மீட்டர் களிமண். நான் பாறை என்று நினைத்தது வரிசையாகக் கிடந்த உருண்டைக் கற்கள். அந்த அண்ணன் நிறுத்தியிருந்தால் கட்டடம் அதன்மேல் ஏறியிருக்கும். அன்றிலிருந்து துளை இல்லாத சர்வேயில் 'பாறை' என்ற சொல்லை நான் எழுதுவதில்லை.

அதனால் உங்கள் 2,10,000 ரூபாய்க்குள் ஒரு போர் ஹோலாவது இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று கோடு எடுப்பதாகச் சொன்னால், இரண்டு போதும், மிச்சத்தில் ஒரு துளை போடுங்கள் என்று கேளுங்கள். துளைக்குள் ஓட்டை போட்ட பிவிசி குழாயை விட்டுவைத்தால் தண்ணீர் மட்டத்தை நீங்களே ஒரு கயிறு கட்டி அளந்து பார்க்கலாம். மழைக்காலத்தில் அந்த மட்டம் ஏறுவதைப் போல உண்மை சொல்வது வேறு எதுவும் இல்லை.

சம்மட்டி முறையும் உண்டு. தரையில் இரும்புத் தட்டை வைத்து எட்டுக் கிலோ சம்மட்டியால் அடிப்போம், 24 ஜியோபோன் அந்த அதிர்வைக் கேட்கும். இறுகிய பாறையில் ஒலி நொடிக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் மீட்டர் ஓடும், தளர்ந்த மண்ணில் சில நூறுதான். ஒரு சிக்கல், மண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தால் வேகம் 1500ஐத் தொடும், அதைக் கெட்டியான அடுக்கு என்று தப்பாக நினைக்கலாம். அதனால் சரிவுகளில், மண்ணைக் குறுக்காக ஆட்டிக்கொண்டு போகும் குறுக்கலையின் வேகத்தைத் தரும் மாஸ்வ் (MASW) முறையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. குறுக்கலை தண்ணீரைக் கண்டு ஏமாறாது. பஸ் ஓடும் ரோட்டுப் பக்கம் என்றால் விடிகாலை நாலரைக்குப் போய்விட வேண்டும். முதல் பஸ் வந்தபிறகு கிடைப்பது பஸ்ஸின் சத்தம்தான்.

ரேடார் வண்டி தள்ளிக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈரக் களிமண் ரேடார் அலையை விழுங்கிவிடும். ஒன்றிரண்டு மீட்டருக்குக் கீழே எதுவும் தெரியாது.

'பத்திரம்' என்று சொல்ல முடியுமா என்று கேட்டீர்கள். இத்தாலியில் வயோந்த் அணையைப் பற்றிச் சொல்கிறேன். நீர்த்தேக்கத்துக்கு மேலே இருந்த மலைச்சரிவில் 1959இல் அதிர்வு சர்வே எடுத்தார்கள். மேலே பத்து இருபது மீட்டர் தளர்ந்த பொருள், அதற்குக் கீழே உடையாத நல்ல பாறை என்று வந்தது. அடுத்த வருடம் மலையில் பெரிய விரிசல் விட்டது. 1960 டிசம்பரில் அதே நிபுணர் மறுபடி எடுத்தார். இந்த முறை நூறு, நூற்றைம்பது மீட்டர் ஆழம் வரை பாறை நொறுங்கிக் கிடப்பதாகக் காட்டியது. 1963 அக்டோபர் 9 ராத்திரி, ஏறக்குறைய 27 கோடி கன மீட்டர் மலை ஒரு நிமிடத்துக்குள் நீருக்குள் இறங்கியது. அணை உடையவில்லை. அதைத் தாண்டி எழுந்த அலை கீழே லொங்கரோனே ஊரைத் துடைத்துவிட்டது. ஏறக்குறைய 2000 பேர். இரண்டு சர்வேயும் ஒரே மலைமேல் எடுத்ததுதான். ஒரு நாள் எடுத்த படம் அந்த நாளுக்கு உரியது. அதனால்தான் கோடையில் ஒரு தடவை, வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பரில் ஒரு தடவை, அதே கம்பி அதே இடத்தில் அடித்து எடுக்கச் சொல்கிறேன். இரண்டு படத்துக்கும் நடுவில் எங்கே நீலம் கூடியிருக்கிறதோ, அங்கேதான் தண்ணீர் நுழைகிறது.

இதைப் படித்துவிட்டு விரிசலில் செய்ய வேண்டியதைக் கேளுங்கள், நாளைக்கு எழுதுகிறேன். இப்போது சைட்டில் இருக்கிறேன், சார்ஜ் குறைவு.

குன்னூர் பாபு

அக்கா, ரொம்ப நன்றி. உங்கள் பதிலை பிரிண்ட் எடுத்துச் சந்துக் கூட்டத்தில் படித்தேன். சோப்பு விஷயத்தைக் கேட்டதும் எங்கள் கடைசி வீட்டுப் பெரியவர், 2009இல் பின்சுவரை எடுத்துக்கட்டியபோது அந்த வெள்ளை மண் ஐந்தடியிலேயே வந்தது, கொத்தனார் கால் வழுக்கி விழுந்தார் என்றார். இத்தனை வருடம் அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

1077க்குச் சொல்லியாகிவிட்டது. மனு திங்கட்கிழமை. தடுப்புச் சுவரைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் எங்கள் வீட்டுப் பின்னால் மட்டும் 11. எட்டு மண்ணால் அடைபட்டிருக்கிறது. ஒன்றை யாரோ சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள், வீட்டுக்குள் ஈரம் வருகிறது என்று. அதைவிட மோசம், ரோட்டுக்கு மேலே இரண்டு வீட்டின் சோக் பிட் நேராக விரிசலுக்கு மேல் பக்கத்தில் இருக்கிறது. குளியல் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர் எல்லாம் அதில்தான். அவர்களும் நல்ல மனிதர்கள். தெரியாமல் செய்ததுதான்.

கேள்வி: கூகுளில் தேடியபோது அரசாங்கத்தின் நிலச்சரிவு வரைபடம் ஒன்று கிடைத்தது. எங்கள் இடம் மஞ்சளில் இருக்கிறது, சிவப்பில் இல்லை. அதை நம்பலாமா?

பதில்: அப்புத்தளை மலர்

வணக்கம் பாபு. நான் இலங்கையில் பதுளை மாவட்டத்தில் இருக்கிறேன், தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில்தான் மீரியபெத்தை தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அவர்கள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அங்கிருந்து எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆய்வு நடந்தது, அறிக்கையும் இருந்தது. போக வேற இடம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஆகவே நீங்கள் சர்வே எடுப்பதற்கு முன்னமே, அறிக்கை 'எழும்புங்கள்' என்று சொன்னால் எங்கே போவது என்று 14 வீட்டுக்காரரும் பேசி முடிவெடுத்து வையுங்கள்.

அடுத்தது மழைமானி. இங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் கணக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150 தாண்டினால், இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்திலேயே 75 பெய்தால், உடனே வெளியேற வேண்டும். பாடசாலை முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்திருக்கிறோம். காலை ஏழரைக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அளந்து கரும்பலகையில் எழுதும். அந்தக் கணக்கு எங்கள் மண்ணுக்கு உரியது, உங்கள் மலைக்கு வேறாக இருக்கலாம். ஆனால் எண் ஒன்று கையில் இருந்தால் ராத்திரி இரண்டு மணிக்குச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. போன வருஷம் ஒரு ராத்திரி 110 வந்தது. தூக்கத்தில் இருந்த பிள்ளைகளைச் சாக்கில் போர்த்திக்கொண்டு கோவிலுக்குப் போனோம். ஒன்றும் ஆகவில்லை. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். ஒருவரும் ஏன் எழுப்பினாய் என்று கேட்கவில்லை.

பதில்: செல்வி, கள ஆய்வு

மலர் டீச்சர் சொன்னது நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது. போக்கிடத்தை முடிவு செய்துவிட்டுத்தான் கம்பி அடிக்க வேண்டும்.

பாபு, வரைபடம் பற்றி. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2014இல் தொடங்கிய தேசிய நிலச்சரிவு வரைபடத் திட்டம் நல்ல வேலை. ஆனால் அது 1:50,000 அளவு. அதில் ஒரு மில்லிமீட்டர் உங்கள் தரையில் 50 மீட்டர். உங்கள் சந்து முழுக்கச் சேர்த்தால் அந்த வரைபடத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர், பென்சில் முனை வைத்தால் மறைந்துவிடும். ஊரில் எந்தப் பக்கம் கவனம் தேவை என்று நிர்வாகம் முடிவெடுக்க அது உதவும். உங்கள் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. மஞ்சளைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

உத்தராகண்டில் இருக்கும் மலை ஊர் ஜோஷிமட் ஞாபகம் இருக்கும். 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல் விட்டபிறகு எத்தனையோ நிறுவனங்கள் போய் ரெசிஸ்டிவிட்டி, மாஸ்வ் எல்லாம் எடுத்தன. அந்த ஊர் பழைய சரிவில் வந்து குவிந்த மண்ணின்மேல் நிற்கிறது, பாரம் ஏற்றாதீர்கள் என்று மிஸ்ரா குழு 1976இலேயே எழுதியிருந்தது. உங்கள் கடைசி வீட்டுப் பெரியவர் சொன்ன வெள்ளை மண்ணையும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடம், எத்தனை அடி என்று அவரையே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். சர்வே குழுவிடம் அதைக் கொடுத்தால், ஒரு துளை போட்ட மாதிரி.

இப்போது செய்ய வேண்டியது. விரிசலுக்கு மேலே ஒரு முழம், கீழே ஒரு முழம் விட்டு, எதிரெதிராக இரும்புக் கம்பி நடுங்கள். முக்கால் மீட்டராவது உள்ளே இறங்க வேண்டும், தலையில் ஒரு ஆணி அடையாளம். விரிசலின் இரண்டு முனையிலும் நடுவிலும் மூன்று ஜோடி. ஒரே ஆள், ஒரே டேப், வாரம் ஒரு முறை, மழை நாளில் தினமும் அளக்கட்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது மேலே ஏறாதீர்கள், விட்டபிறகு போதும். மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்தால்கூட எழுதுங்கள். நகர்வு ஒரே வேகத்தில் போவதைவிட, வேகம் கூடிக்கொண்டே போவதுதான் பயப்பட வேண்டியது. அப்படிக் கண்டால் மழைக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

விரிசலை அப்படியே திறந்து விடக் கூடாது, மழைத்தண்ணீர் நேராகச் சோப்புக்குப் போகும். களிமண்ணை இடித்து நிரப்பி, மேலே தார்ப்பாய். விரிசலுக்கு மேல் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, அதில் தார்ப்பாய் விரித்து, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மேல் வீடுகளின் சோக் பிட்டுக்கு வழி ஒன்றுதான், குழாய் போட்டு ரோட்டு ஓடைக்கோ வேறு இடத்துக்கோ கொண்டுபோவது. 14 வீட்டுக்காரரும் சேர்ந்து அந்தக் குழாய்ச் செலவைப் பகிர்ந்துகொண்டாலும் சர்வேயில் பாதிகூட ஆகாது. நானாக இருந்தால் அந்தப் பணத்தை முதலில் இதற்குத்தான் போடுவேன்.

சுவர்த் துளைகளை முன்பக்கத்திலிருந்து மெல்லிய கம்பியால் குத்தித் திறங்கள், மழை இல்லாத நாளில், ஒவ்வொன்றாக. தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கல் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, போட்டோ எடுத்து மனுவோடு சேருங்கள். அதே பார்வை ஊற்றுக்கும். தினமும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். திடீரென்று கலங்கினாலும், திடீரென்று நின்றுபோனாலும், இரண்டும் கெட்டது.

சர்வே எடுப்பதாக முடிவு செய்தால், கம்பிகளின் உயரமும் அளந்து கணக்கில் சேர்த்தார்களா, பிழை சதவீதம் எவ்வளவு, அளவு எடுத்த மூல டேட்டா உங்களுக்குக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். மூல டேட்டா கையில் இருந்தால் நாளைக்கு வேறு யாரும் அதை மறுபடி பார்த்துச் சொல்ல முடியும். வண்ணப்படம் மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். இடம் குறைவான சந்துகளில் இன்னொரு வழியும் உண்டு. ஒரு சின்ன அதிர்வுமானியை அரை மணி நேரம் தரையில் வைத்தால் போதும், கோடே தேவையில்லை. அங்கே மண் எந்த அலைவரிசையில் ஆடுகிறது என்று காட்டும். நொடிக்கு 4 முறை என்றும், குறுக்கலை வேகம் 240 மீட்டர் என்றும் வந்தால், 240ஐ நான்கின் நான்கு மடங்கான 16ஆல் வகுங்கள், 15 மீட்டர் மண். கோடு போட முடியாத வீட்டு முற்றங்களில் இதைக் கேட்டுப் பாருங்கள்.

குன்னூர் பாபு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மனு கொடுத்தோம். புதன்கிழமை இரண்டு பேர் வந்து விரிசலை நடந்து பார்த்து, ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு போனார்கள். மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மேல் வீட்டு இரண்டு பேரும் குழாய்க்கு ஒத்துக்கொண்டார்கள். ஒருவர், எங்கள் வீட்டுத் தண்ணீரா உங்கள் தலைமேல் போகிறது என்று கேட்டுவிட்டு அன்றைக்கே பிளம்பரைக் கூட்டி வந்தார். 63 மில்லிமீட்டர் குழாய், ரோட்டு ஓடை வரை. நேற்று மதியம் முடிந்தது. சர்வேயை அவர்கள் சொன்ன மாதிரி அல்லாமல், ஒரே கோடு, ரோட்டைத் தாண்டி, ஒரு துளையோடு எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறோம். கணக்குப் போட்டுச் சொல்கிறோம் என்றார்கள். குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று இந்த முறை அவர்களே கேட்டார்கள்.

போக்கிடம் கீழ்ச்சந்து சர்ச் ஹால், சாவி ஒன்று எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவை டிசம்பர் முடியும் வரை மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் விட்டிருக்கிறேன். ரேஷன் கார்டையும் அப்பா போட்டோவையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார்.

கம்பி அளவுகள். போன ஞாயிறு: மேற்கு முனை 91.4, நடு 90.8, கிழக்கு முனை 92.0 சென்டிமீட்டர். இந்த ஞாயிறு: 91.4, 91.1, 92.0. நடுவில் 3 மில்லிமீட்டர். வாரத்தில் மழை 22 மில்லிமீட்டர். ஊற்று டம்ளரில் தெளிவாகத்தான் இருக்கிறது. அக்கா, நடு ஜோடியை இனி இரண்டு நாளுக்கு ஒரு தரம் அளக்கிறேன், சரிதானே?